காதுல ஆள் இருக்கு

எந்த வீட்டுக்குள் போனாலும் அவர் முதலில் செருப்பைக் கழற்றுவார். பிறகு இடது காதைத் தொட்டுக் காட்டி, "காதுல ஆள் இருக்குங்க" என்பார். வணக்கம் சொல்வது அதற்குப் பிறகுதான்.

காதில் இருந்தது புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்பு ஹெட்செட். வயர் கிடையாது. காதுக்குப் பின்னால் ஒரு கொக்கி, ஓரத்தில் மினுங்குகிற நீல வெளிச்சம். போன் சட்டைப் பையில் கிடக்கும். அந்தப் பக்கம் ரொறன்ரோவிலோ லண்டனிலோ மெல்பேர்னிலோ ஒருவர் இருப்பார். வர முடியாதவர்களுக்காகப் போவதுதான் அவருடைய வேலை. கோயிலுக்கு, செத்த வீட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, பூட்டிக் கிடக்கும் ஃப்ளாட்டுக்கு, பெண் பார்க்க. போவார், பார்ப்பார், பார்த்ததைச் சொல்வார். அந்த வேலைக்கு ஒரு பெயர் இருந்ததாக எனக்குத் தெரியாது.

நான் அப்போது கொட்டாஞ்சேனையில் ஓட்டோ ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓடிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் தெமட்டகொடையில் மூட்டை தூக்கினேன். அதற்கு முன் நீர்கொழும்பில் கருவாடு காயவைத்தேன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. ஷெல் விழுந்து பள்ளிக்கூடம் உடைந்தது உண்மைதான், ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்னமே நான் போவதை நிறுத்தியிருந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் அவருக்கு ஒரு பாய், எனக்கு ஒரு பாய். அவர் போகிற இடத்துக்கெல்லாம் என் ஓட்டோவில்தான் போவார். இரண்டு வருடம் அப்படி ஓடியது.

அவர் மலையகத்து ஆள். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்தவர். இவ்வளவும் எனக்குத் தெரிந்தது அவராகச் சொல்லி அல்ல, நான் கேட்டுக் கேட்டு. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டால் அவருக்குப் பேச்சே கிடையாது. அவரைத் தேடி அவருக்கென்று ஒரு அழைப்பு வந்ததை நான் கண்டதில்லை.

"வீடியோவில காட்டலாமே" என்று பலர் அவரிடம் கேட்பார்கள். அவர் மாட்டார்.

"போன ஒரு கையில தூக்கிப் புடிச்சிக்கிட்டா மத்தக் கையில என்னா செய்ய ஏலும்? தேங்கா ஒடைக்க ஏலாது. தட்டு வாங்க ஏலாது. பாடைக்கு தோள் குடுக்க ஏலாது. படம் வேணும்னா படம் புடிக்கிறவன கூப்பிடுங்க."

மட்டக்குளி பஸ்ஸில் ஒருமுறை நாங்கள் இருவரும் போனோம். ஓட்டோ கராஜில் கிடந்தது. கண்டக்டர் அவருடைய காதைப் பார்த்துவிட்டு, ஒரு பெடியனைத் தட்டி எழுப்பினான். "மல்லி, நகிட்ட. அங்கிள்ட்ட கன் ஏஹென்னே நே." காது கேட்காத மனிதர், இடம் கொடு என்கிறான். வேறு யாராக இருந்தாலும் அந்த சீட்டில் இருந்துவிட்டுப் போவார்கள். இவர் நின்றபடியே சிங்களத்தில் விளக்கம் கொடுத்தார்: இது காது மெஷின் இல்லை, போனோட சேர்ந்தது, எனக்குக் காது நல்லாக் கேட்கும். எழும்பின பெடியன் திரும்ப இருந்துவிட்டான். கோட்டை வரைக்கும் நாங்கள் நின்றுகொண்டே போனோம்.

"அண்ணை, சும்மா இருந்திருக்கலாம்" என்றேன்.

"கேக்குதே தம்பி."

வெள்ளவத்தையில் ஒரு கோயில். கனடாவில் இருந்த ஒரு அம்மாவின் மகனுக்கு ஏதோ பரீட்சை, அதற்காக ஒரு அர்ச்சனை. இவர் தட்டோடு போய் ஐயரிடமும் காதைத் தொட்டுக் காட்டினார்.

"சாமி, காதுல ஆள் இருக்கு."

"பிள்ளையாருக்குக் கேட்டால் காணாதோ? அவவுக்கும் கேக்க வேணுமோ?" என்றார் ஐயர்.

"கேக்கணும்னுதான் சாமி கூப்பிட்டிருக்காங்க."

தேங்காயை இவர்தான் உடைத்தார். பிறகு நான் கேட்டது அவருடைய பக்கத்துப் பேச்சு மட்டும்.

"ஒடைச்சாச்சிங்க... இல்லைங்க, சரிபாதியா ஒடையல. ஒரு பக்கம் பெருசு... உள்ளயா? உள்ள அழுகலுங்க."

அர்ச்சனைத் தேங்காய் அழுகியிருந்தால் யாராவது அதை வாய்விட்டுச் சொல்வார்களா? ஐயர் முறைத்தார். அந்த அம்மா அழுகிற சத்தம் ஹெட்செட்டைத் தாண்டி எனக்கே கேட்டது. ஐயர் உள்ளே போய் இன்னொரு தேங்காய் கொண்டுவந்தார். அது நன்றாக உடைந்தது. அதையும் சொன்னார்.

"ரெண்டாவது நல்லா வெள்ளையா இருக்குங்க. மொதல் ஒன்னு அழுகல்தான்."

அந்த அம்மா அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. ஓட்டோவில் வரும்போது நான் கேட்டேன், "நல்லது எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன அண்ணை குறைஞ்சு போகும்?"

"நல்லா இல்லையே தம்பி" என்றார். அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவரை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. மெல்பேர்ன் மகனின் கதைக்குப் பிறகுதான் விளங்கியது. தாய் செத்து, பிரேதம் வைக்கிற மலர்ச்சாலையில் கிடக்கிறா. மகனால் வர முடியவில்லை. இவர் போய் தலைமாட்டில் நின்றார். சுற்றி நின்றவர்களிடம் வழமை போலக் காதைத் தொட்டுச் சொன்னார். மகன் அங்கிருந்து கேட்கிறான், அம்மா சிரிச்ச மாதிரி இருக்கிறாவோ?

"இல்லைங்க. தாடைய துணியால கட்டியிருக்காங்க. கண்ணு மூடியிருக்கு. மூக்குல பஞ்சு. நெத்தியில விபூதி பட்டையா பூசியிருக்காங்க... சேலையா? நீலம். கரை மஞ்சள்."

வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தது. அந்த மகனுக்காக இவர் போட்டார்.

"போடுறேங்க. போட்டாச்சி. ரெண்டு பருக்க கன்னத்துல விழுந்திருக்கு. எடுக்கவா, இருக்கட்டுமா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் எடுக்கவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த மகன் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் எங்கள் அறையைத் தேடிப் பிடித்து, படியேறி வந்து இவருடைய கையைப் பிடித்தான். "மற்ற எல்லாரும் அம்மா நித்திரை கொள்ளுற மாதிரிக் கிடந்தவ எண்டுதான் சொன்னவை. நீங்கள் ஒரு ஆள்தான் என்னை அந்த இடத்தில கொண்டுபோய் நிப்பாட்டினது" என்றான். இவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, "டீ குடிக்கிறீங்களா?" என்றார்.

பெண் பார்க்கப் போன கதையும் ஒன்று உண்டு. அது கொட்டாஞ்சேனையிலேயே ஒரு வீடு. லண்டனில் இருந்த மாப்பிள்ளையின் தாய், பெண்ணின் வீடு வாசல் எப்படி என்று பார்த்துச் சொல்லச் சொல்லி இவரை அனுப்பினா. கதிரையில் இருக்க முன்னமே, "காதுல மாப்பிள்ளையோட அம்மா இருக்காங்க" என்று சொல்லிவிட்டார். அதுவரைக்கும் குசினிக்குள் யாரையோ ஏசிக்கொண்டிருந்த பெண்ணின் மாமி, வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசத் தொடங்கினா. பெண்ணின் தகப்பன் பகிடிக்காரர். உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்: "அப்ப அந்த அம்மாவுக்கும் சேர்த்து ஒரு தேத்தண்ணி ஊத்துங்கோ!"

"முன்கூட்டிச் சொல்லாமல் போனால்தானே அண்ணை உள்ளது உள்ளபடி தெரியும்" என்று நான் சொன்னேன்.

"நம்மள யாராச்சும் ஒளிஞ்சி நின்னு கேட்டா நமக்கு புடிக்குமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் வேல செஞ்ச வீட்டுல கதவுக்கு பின்னால நின்னு கேப்பாங்க" என்றார். யார், என்ன என்று நான் கேட்டேன். அவர் ஹெட்செட்டைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

ஒரு சித்திரை மாதம், பிரான்ஸிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டா. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு ஃப்ளாட்டில் அவவுடைய தகப்பன் இருக்கிறார். ரயில்வேயில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இவ வேறு சமயத்துப் பெடியன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனவ. பதினொரு வருடமாகத் தகப்பன் இவவோடு பேசவில்லை. போனில் இவவுடைய குரல் கேட்டால் வைத்துவிடுவார். இடையில் தாயும் செத்துப்போனா. இவவுக்கு அங்கே இன்னும் விசா சரிவரவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. தகப்பனோடு இருக்கிற தமையனிடம் கேட்டால், "சுகமா இருக்கிறார்" என்று ஒரு சொல்லோடு வைத்துவிடுகிறானாம். ஆனால் சுகமில்லை, இதயம் பலவீனம், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர் கைவிரித்துவிட்டார் என்று ஒரு சிநேகிதி மூலம் கேள்விப்பட்டிருக்கிறா.

அவ கேட்டது ஒன்றுதான். தகப்பனுடைய குரலைக் கேட்க வேண்டும். இவர் போய் அவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ லைனில் இருந்து கேட்பா. ஆனால் காதில் ஆள் இருக்கிறது என்று சொல்லக்கூடாது. சொன்னால் அவர் வாயை மூடிவிடுவார்.

"அது ஏலாதுங்க" என்று இவர் சொல்லிவிட்டார். "லைன் இல்லாம போறேன். பாத்துட்டு வந்து சொல்றேன்."

அவ சரி என்றா. தகப்பனின் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்வித்து, அந்தப் பிரசாதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதென்று ஏற்பாடு. அடுத்த நாள் காலை பத்து மணி போல நாங்கள் போனோம். மகன் கந்தோருக்கு வேலைக்குப் போயிருந்தான். முதியவரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் கதவைத் திறந்தா. ஐயா கூடத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். எலும்பும் தோலுமான உடம்பு, வீங்கின கால்கள், வெட்டின மாதிரிப் பேச்சு.

"பிரசாதமோ? ஆர் செய்விச்சது?"

"பேர் சொல்ல வேணாம்னு சொல்லியிருக்காங்க ஐயா."

ஐயா கொஞ்ச நேரம் இவரையே பார்த்தார்.

"உம்மைத் தெரியும். உம்மட காதுக்குள்ள ஆளிருக்கும் எண்டு வெள்ளவத்தை முழுக்கச் சொல்லுறவை. இண்டைக்கு ஆர் இருக்கிறது?"

"இன்னைக்கி ஒருத்தரும் இல்லைங்க." ஹெட்செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வெளிச்சம் இல்லை.

"ம். வையும் அதில" என்று ஐயா மேசையைக் காட்டினார். அவர் சொன்னது பிரசாதத்தை.

பிறகு ரயில் ஒன்று போனது. ஐயா சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, "எட்டு நிமிஷம் பிந்தி" என்றார். நாங்கள் வந்துவிட்டோம்.

கீழே ஓட்டோவில் இருந்து பிரான்ஸ் பெண்ணைக் கூப்பிட்டு, பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். மெலிந்திருக்கிறார். கால் வீக்கம் முழங்கால் வரைக்கும் இருக்கிறது. சவரம் செய்திருக்கிறார். வெள்ளைச் சாரம், பனியன். "உங்கள பத்தி ஒன்னும் கேக்கலைங்க... இல்லைங்க, ஒரு வார்த்தையும் இல்ல... கால் நகம் ரொம்ப வளந்திருக்கு. பெருவிரல் நகம் உள்ள குத்தி புண்ணாகியிருக்கு."

அந்தப் பக்கம் அவ ஏதோ சொன்னா. வைத்த பிறகு நான் கேட்டதால் இவர் சொன்னார். சின்ன வயதிலிருந்து தகப்பனுக்கு நகம் வெட்டிவிடுவது அவதானாம். குனிந்து வெட்ட அவருக்கு எப்போதும் வயிறு விடாதாம். வேறு ஒருவரையும் காலைத் தொட விடமாட்டாராம். "தொடத்தான் ஏலாது, சத்தத்தையாவது கேட்டிட்டு இருக்கிறன்" என்றாவாம்.

இரண்டு நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அறையில் இருந்து ஹெட்செட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை எழும்பி, கடைக்குப் போய் ஒரு நகவெட்டி வாங்கிக்கொண்டு வந்தார்.

"வண்டிய எடு தம்பி."

"லைனோடயோ, லைன் இல்லாமலோ?"

"லைனோடதான். நானா சொல்ல மாட்டேன். ஆனா ஐயா கேட்டா சொல்லிடுவேன். அந்தப் பிள்ளகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

ஆக, ஐயா ஒரு கேள்வி கேட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். "காதில ஆர்?" என்ற இரண்டு சொல். முதல்நாள் அதைத்தானே கேட்டவர்.

ஃப்ளாட் மூன்றாம் மாடியில். அவர் படிக்கட்டில் நின்று லைன் எடுப்பார். நான் முன்னே போய் மணி அடிப்பேன். நான் உள்ளே போய்ச் செருப்பு வைக்கிற தட்டடியில் நின்ற பிறகு அவர் வருவார். அன்று அவர் செருப்பைக் கழற்றினார். கை காதுப் பக்கம் போகவில்லை. "வணக்கம் ஐயா" என்றார். வணக்கம் முதலில் வந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கால் நகம் வெட்டி விடவாங்க?"

ஐயா அவரைப் பார்த்தார். காதைப் பார்த்தார். நீல வெளிச்சம் மினுங்கிக்கொண்டிருந்தது.

"வெட்டும்" என்றார்.

இவர் நிலத்தில் இருந்து ஐயாவின் காலை மடியில் வைத்துக்கொண்டார். நகம் தடித்துப்போயிருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் டக்கென்று ஒரு சத்தம். அங்கே பிரான்ஸில் அப்போது விடியற்காலை. அந்தப் பெண்ணும் காதில் ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு கந்தோரின் தரையைக் கழுவிக்கொண்டிருப்பா. அந்த வேலைதான் அவவுக்கு. இங்கே ஒருவர் இரண்டு கையாலும் நகம் வெட்டுகிறார், அங்கே ஒருத்தி இரண்டு கையாலும் தரை துடைக்கிறா, நடுவில் ஐயா பேசிக்கொண்டிருக்கிறார்.

ஆம், பேசினார். முதல்நாள் நாலு சொல் பேசினவர், அன்று முக்கால் மணித்தியாலம் பேசினார். மேல்மாடிக்காரன் தண்ணி மோட்டரைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறான் என்றார். புதுப் பால்மாவில் கட்டி கட்டியாக நிற்கிறது என்றார். ஜன்னலில் ஒரு காகம் தினமும் வருகிறது, பாண் போட்டால் தின்னாது, பிஸ்கட் போட்டால்தான் தின்னும், அது வெள்ளவத்தைக் காகம் என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

"நோகுதாங்க?"

"இல்லை. வெட்டும்."

போக எழும்பியபோது, "நாளைக்கும் வாரும். இதே நேரம்" என்றார்.

எட்டு நாள் போனோம். நகம் ஒரு நாளில் முடிந்துவிட்டது. பிறகு காலுக்கு எண்ணெய் பூசி நீவிவிடுவது வேலையானது. ஒவ்வொரு நாளும் நான் அந்தக் கேள்விக்குக் காத்திருந்தேன். ஐயா கேட்கவே இல்லை. ஐந்தாம் நாள் என்று நினைக்கிறேன், கதையோடு கதையாக, யாரும் கேட்காமல், இப்படிச் சொன்னார்:

"மனுசி போகேக்கை நோவொண்டும் இல்லை. காலமை தேத்தண்ணி குடிச்சவ. கப்பைக் கழுவிக் கவிட்டு வைச்சவ. கட்டிலில வந்து இருந்தவ. அவ்வளவுதான். ஒரு ஆய்க்கினையும் இல்லை."

இவர் எண்ணெய் பூசிக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. காதுக்குள் என்ன கேட்டதோ. பிறகு தொடர்ந்து பூசினார்.

கீழே வந்ததும் நான் சொன்னேன், "அண்ணை, ஐயாவுக்குத் தெரியும்."

"ஐயா சொன்னாரா?"

"இல்லை. ஆனா மனுசி செத்த கதையை உங்களுக்கு என்னத்துக்குச் சொல்ல வேணும்?"

"எனக்கு தெரியாது தம்பி. சொன்னாரு, கேட்டேன். அவரு மண்டைக்குள்ள நான் போகலையே."

எட்டாம் நாள் ஐயாவால் அதிகம் பேச முடியவில்லை. அன்றும் "நாளைக்கும் வாரும்" என்றார். ஒன்பதாம் நாள் போனபோது கீழே வாசலில் காவல் நின்ற வோச்சர் மறித்து, விடியற்காலை உயிர் போய்விட்டது என்றான்.

மலர்ச்சாலைக்கு அடுத்த நாள் போனோம். அந்தப் பெண் லைனில் இருந்தா. கூட்டம் நிறைய இருந்தது. வாசலில் இவர் செருப்பைக் கழற்றினார். நான் அவருடைய கையைப் பிடித்தேன். "அண்ணை, இண்டைக்கும் சொல்லாதேங்கோ. ஆரும் கேக்க மாட்டினம்."

அவர் கையை எடுத்துக்கொண்டு நேரே மகனிடம் போனார். காதைத் தொட்டார்.

"காதுல ஆள் இருக்குங்க."

"ஆர்?"

"உங்க தங்கச்சி."

மகனுடைய முகம் மாறியது. "அவவுக்கு உம்மை எப்பிடித் தெரியும்? எப்ப தொடக்கம்?"

"அவங்க கூப்பிட்டு பத்து பதினைஞ்சி நாளிருக்கும். உங்க வீட்டுக்கு லைனோட எட்டு நாள் வந்தேனுங்க."

"லைனோடயோ? என்ர வீட்டுக்குள்ளயோ? அப்பாவுக்குச் சொன்னனீரோ?"

"சொல்லலைங்க."

"சாகக் கிடந்த மனுசனை ஒளிச்சு நிண்டு கேக்க வைச்சிருக்கிறீர்!"

நான் நடுவில் போய், ஐயாவுக்குத் தெரியும், தெரிந்துதான் பேசினவர் என்று சத்தமாகச் சொன்னேன். மகன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீர் ஓட்டோக்காரன். உமக்கென்ன தெரியும்?" இவர் பக்கம் திரும்பினான். "நீர் சொல்லும். தனக்குத் தெரியும் எண்டு அப்பா சொன்னவரோ?"

ஒரு "ஓம்" போதும். கூட்டம் முழுக்க அந்த ஓமுக்காகக் காத்து நின்றது போல எனக்குப் பட்டது. மகனும்கூட.

"சொல்லலைங்க" என்றார்.

"கழட்டும் அதை."

இவர் ஹெட்செட்டில் கை வைத்து, "கழட்டச் சொல்றாங்க. வைக்கிறேங்க" என்றார். ஒரு கணம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கழற்றினார். அவ கடைசியாக என்ன சொன்னா என்று நான் பலமுறை கேட்டேன். அது அவங்க எனக்குச் சொன்னது என்றார்.

வெள்ளவத்தையில் ஒரு செய்தி ஒரு நாளில் காலி வீதியின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்குப் போய்விடும். ஒளித்து நின்று கேட்க வைக்கிற ஆள் என்று பெயர் வந்தது. ஃப்ளாட்டுகளில் வோச்சர்மார் மறித்தார்கள். வெளிநாட்டு அழைப்புகள் ஒவ்வொன்றாக நின்றன. மூன்று மாதத்தில் வேலை இல்லாமல் போனது. எனக்குக் கோபம் ஆறவில்லை. அவர் ஒரு இடத்தில்கூடத் தன் பக்கம் பேசவில்லை. "நான் சொல்லாமத்தானே போனேன் தம்பி. அது உண்மைதானே" என்பார்.

பிறகு மட்டக்குளியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கம்பி நிறுக்கிற வேலைக்குப் போனார். அங்கேயே தங்க இடமும் கொடுத்தார்கள். நானும் அந்த அறையை விட்டேன். சில வருடம் புத்தளத்தில் உப்பளத்தில், பிறகு வேறு எங்கோ, பிறகு திரும்பக் கொழும்பில் ஓட்டோ.

போன வருடம் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. வெள்ளவத்தையிலிருந்து ஒரு பெண் குரல். அவதான். விசா சரிவந்து, முதல்முறையாக வந்திருக்கிறா. மட்டக்குளிக்குப் போய் அவரைத் தேடிப் பிடித்து, ஒரு கேள்வி கேட்டிருக்கிறா. அவர், "அத நான் பாக்கலைங்க. அந்த தம்பியும் அங்கதான் நின்னான், அவன்கிட்ட கேளுங்க" என்று என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

கடற்கரை வீதியில் அவவை ஏற்றினேன். நாற்பது வயதிருக்கும். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தா. கொஞ்சத் தூரம் போனதும், நிப்பாட்டச் சொன்னா.

"தம்பி, நான் கேட்டுக்கொண்டிருந்தது அப்பாவுக்குத் தெரியுமோ?"

ஓம் என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் அவரோடு இரண்டு வருடம் ஓடியவனுக்கு அது அவ்வளவு இலகுவாக வருவதில்லை. நான் என்ன கண்டேன் என்று யோசித்தேன். ஒன்று ஞாபகம் வந்தது. அதுவரைக்கும் அதை ஒரு விஷயமாகவே நான் எண்ணியதில்லை.

"அக்கா, நான் முதலில போய் மணி அடிக்கிறனான். கதவு திறக்கேக்கை ஃபேன் கடகடவெண்டு சத்தமா ஓடிக்கொண்டிருக்கும். என்னைக் கண்டதும் ஐயா தன்னைப் பாக்கிற பிள்ளைக்குக் கையைக் காட்டுவார். அவ போய் ஃபேனை நிப்பாட்டுவா. முதல்நாள், லைன் இல்லாமல் போன நாள், நிப்பாட்டேல்லை. அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும்."

"எட்டு நாளுமோ?"

"எட்டு நாளும்."

"அந்த அண்ணை ஏன் இதை எனக்குச் சொல்லேல்லை?"

"அவர் காணேல்லை அக்கா. அவர் படியில நிண்டு உங்களுக்கு லைன் எடுத்துக்கொண்டிருப்பார். உள்ள வரேக்கை ஃபேன் நிண்டிருக்கும்."

அவ கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தா. பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. நான் ஓட்டோவை இன்னும் கொஞ்சம் ஓரமாக எடுத்தேன்.

"அந்தச் சித்திரை வெயிலிலயோ" என்றா. பிறகு, "கரண்ட் போய் ஃபேன் நிண்டால் எங்களையெல்லோ ஏசுவார்" என்றா.